ஓய்வுக்குப் பின் உலகப் பயணம்: வொர்க்மன் தம்பதியர் வாழ்வு – ஓர் ஆய்வு

முன்னுரை

பயணம் செய்வோர் பல வகையினர். வணிகத்தின் பொருட்டுக் கடல் கடப்போர் உண்டு. கல்வியின் பொருட்டுச் செல்வோர் உண்டு. பணியில் மாற்றலாகி ஊர் விட்டு ஊர் போவோரும் உண்டு. பணி ஓய்வு பெற்றபின் கணவனும் மனைவியுமாகக் காசிக்கும் இராமேசுவரத்திற்கும் சென்று வருதல் நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். வாழ்நாளெல்லாம் குடும்பத்திற்கு உழைத்த இருவர், தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் முதற்காலம் அதுவாகவே இருப்பதுண்டு.

ஆனால், ஓய்வுக்காலப் பயணத்தையே முழுநேரப் பணியாக்கி, கால் நூற்றாண்டுக் காலம் இணைந்து உழைத்து, எட்டு நூல்களை எழுதிய ஒரு தம்பதியர் இருந்தனர். அவர்களே அமெரிக்க நாட்டைச் சேர்ந்த வில்லியம் ஹன்டர் வொர்க்மன், ஃபேனி புல்லக் வொர்க்மன் ஆகிய இருவரும் ஆவர். அவர்கள் மிதிவண்டியில் ஐரோப்பாவையும் வட ஆப்பிரிக்காவையும் இந்தியாவையும் கடந்தனர். பின்னர்க் காராகோரப் பனிமலைகளை ஆராய்ந்தனர். நம் குமரிமுனையிலிருந்து வடக்கு நோக்கி அவர்கள் வண்டி மிதித்தனர் என்பதால், அவர்கள் வரலாறு நமக்கும் ஒருவகையில் உரியதாகிறது.

இக்கட்டுரை மூன்று வினாக்களுக்கு விடை காண முயல்கிறது. ஓய்வை அவர்கள் எவ்வாறு உழைப்பாக மாற்றினர்? இருவர் கூடிச் செய்த பணியில் புகழ் எவ்வாறு பங்கிடப்பட்டது? அவர்களுடைய மூட்டைகளைச் சுமந்தவர்களுக்கு அப்புகழில் பங்கு இருந்ததா? முதலிரு வினாக்களுக்குக் கிடைக்கும் விடை நமக்கு வியப்பைத் தரும். மூன்றாவது வினாவின் விடை நம்மைச் சிந்திக்க வைக்கும்.

தம்பதியரின் பின்புலம்

ஃபேனி 1859ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 8ஆம் நாள் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்திலுள்ள வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் புல்லக் அம்மாநிலத்தின் ஆளுநராக 1866 முதல் 1869 வரை இருந்தவர். தாய்வழிப் பாட்டனார் வெடிமருந்து ஆலை நடத்திப் பெருஞ்செல்வம் சேர்த்தவர். எனவே வறுமை என்பதை அறியாத வளர்ப்பு. நியூயார்க், பாரிசு, டிரெஸ்டன் ஆகிய நகரங்களில் கல்வி பயின்றார்.

வில்லியம், ஃபேனியைவிடப் பன்னிரண்டு ஆண்டுகள் மூத்தவர். 1847இல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்திலும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியிலும் பயின்று வூஸ்டர் நகரில் மருத்துவத் தொழில் நடத்தி வந்தார். திருமணத்திற்குப் பின் கோடைக்காலங்களில் அருகிலிருந்த வெண்மலைத் தொடருக்கு மனைவியையும் அழைத்துச் சென்றார். ஐரோப்பாவில் மலையேற்றம் ஆண்களின் பொழுதுபோக்காகக் கருதப்பட்ட அந்நாளில், அமெரிக்க மலையேற்றச் சங்கங்கள் பெண்களையும் வரவேற்றன. ஃபேனிக்கு மலையின்மேல் பற்று உண்டானது இங்கேதான்.

1884இல் ராக்கெல் என்னும் மகள் பிறந்தாள். 1889இல் வில்லியம் உடல்நலக் குறைவைக் காரணம் காட்டி மருத்துவத் தொழிலை விட்டார். அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டுதான். குடும்பம் செருமனி நாட்டின் டிரெஸ்டனுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே சீக்ஃபிரீடு என்னும் மகன் பிறந்தான். ஐரோப்பா சென்றதும் மருத்துவரின் உடல்நலம் விரைவில் தேறிவிட்டது. உண்மையில் நோயாளியின் ஓய்வாக இல்லாமல், நகர வாழ்வின் சலிப்பிலிருந்து பெற்ற விடுதலையாகவே அவ்வோய்வு அமைந்தது எனலாம். பெற்றோர் வழிவந்த செல்வம் இருவரிடமும் இருந்ததால் பிழைப்புக்குத் தொழில் செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை.

1893இல் சீக்ஃபிரீடு நோயுற்று இறந்தான். அதன்பின் அத்தம்பதியர் வீட்டில் தங்கிய நாட்களைவிட வழியில் கழித்த நாட்களே மிகுதி. ராக்கெல் செவிலியர் பராமரிப்பிலும் விடுதிப் பள்ளியிலும் வளர்ந்தாள். பிற்காலத்தில் நிலவியல் பயின்று, இலண்டன் நிலவியல் கழகம் 1919இல் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது அவர்களுள் ஒருவராக இடம்பெற்றார். பெற்றோரின் பயண ஆர்வத்திற்கு அப்பெண் குழந்தை தந்த விலையையும் நாம் மறத்தலாகாது.

இரு சக்கரங்கள் தந்த விடுதலை

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மிதிவண்டி ஒரு பெரும் மாறுதலைக் கொண்டுவந்தது. அதற்குமுன் இருந்த வண்டிகளில் முன்சக்கரம் ஆளுயரம் இருக்கும். பின்சக்கரம் மிகச் சிறியது. விழுந்தால் தலைகுப்புற விழவேண்டியதுதான். 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியில் இரு சக்கரங்களும் ஏறத்தாழ ஒரே அளவின. மிதிக்கும் விசை சங்கிலி வழியாகப் பின்சக்கரத்திற்குச் சென்றது. 1888இல் டன்லப் என்பார் காற்றடைத்த ரப்பர்ச் சக்கரத்திற்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டும் கூடியபின் நீண்ட பாவாடை அணிந்த பெண்களும் வண்டி ஓட்ட முடிந்தது. துணைக்கு ஆள் வேண்டும், குதிரை வண்டி வேண்டும் என்று காத்திருந்த பெண், தன் கால்களை நம்பிப் புறப்படலாம் என்ற நிலை வந்தது.

வொர்க்மன் தம்பதியர் இவ்வாய்ப்பை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டனர். வட ஆப்பிரிக்காவின் அல்சீரியா நாட்டில் சுற்றினர். அப்பயண நூல் 1895இல் வெளிவந்தது. அடுத்து ஸ்பெயின் நாட்டைச் சுற்றி, 1897இல் ஒரு நூலை வெளியிட்டனர். சென்ற இடங்களில் கண்ட கோயில், கோட்டை, சாலை, உணவு, மக்கள் நிலை ஆகியவற்றைக் குறித்துவைத்தல் அவர்கள் வழக்கம். பெண்கள் எவ்வாறு நடத்தப்படுகின்றனர் என்பதை ஃபேனி அம்மையார் தனிக் கவனத்துடன் எழுதினார். இடையிடையே ஆல்ப்சு மலைக்கும் சென்று மேட்டர்ஹார்ன், மான்ட் பிளாங்க் முதலிய முடிகளில் ஏறினர்.

குமரி முதல் இமயம் வரை

1897 நவம்பரில் தொடங்கிய கீழைநாட்டுப் பயணமே இவர்களது மிதிவண்டிப் பயணங்களுள் மிகப் பெரியது. இலங்கை, இந்தியா, பர்மா, சாவா ஆகிய நாடுகளில் இரண்டரை ஆண்டுகள் சுற்றினர். கடந்த தொலைவு 14,000 மைல். அதாவது ஏறத்தாழ 22,500 கிலோமீட்டர். இதில் இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயம்வரை மிதித்தது மட்டும் ஏறத்தாழ 4,000 மைல். புறப்படும்போது ஃபேனிக்கு வயது 38, வில்லியத்துக்கு 50. அன்று திருவிதாங்கூர் அரசில் இருந்த குமரிமுனை, 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்றுதான் சென்னை மாநிலத்துடன் இணைந்தது என்பதை இங்கு நினைவுகூரலாம்.

அவர்கள் எடுத்துச் சென்ற பொருள்களின் பட்டியல் மிகச் சிறியது. தேயிலை, சர்க்கரை, பிஸ்கோத்து, பாலாடைக்கட்டி, தகரத்தில் அடைத்த இறைச்சி, குடிநீர், தலையணை, ஆளுக்கொரு போர்வை, எழுதுபொருள், மருந்துப்பெட்டி, வண்டி பழுதுபார்க்கும் கருவிகள் ஆகியவையே அவை. உணவுப்பொருள் தட்டின்றிக் கிடைக்கவேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் பெருஞ்சாலைகளையும் இருப்புப்பாதைகளையும் ஒட்டியே சென்றனர். தங்க இடம் கிடைக்காதபோது இரயில் நிலையக் காத்திருப்பு அறைகளில் இரவைக் கழித்தனர். எலிகள் ஓடும் அறைகளிலும் உறங்க நேர்ந்தது. கொசுக்கடிக்கு அளவில்லை. சில நாட்களில் நாற்பது முறை வரை சக்கரத்தில் பஞ்சர் ஒட்ட வேண்டியிருந்தது. நம் ஊர்ச் சாலையில் ஒரு பஞ்சருக்கே மனம் சோர்ந்துவிடும் நாம், நாற்பதை எண்ணிப் பார்த்தல் நலம்.

இப்பயணத்தின் நோக்கம் பண்டைக் கட்டடக்கலையைக் காண்பது. அதற்கு ஆயத்தமாக மகாபாரதம், இராமாயணம், புத்த ஜாதகக் கதைகள் ஆகியவற்றின் மொழிபெயர்ப்புகளை முன்னரே பயின்றனர். படித்துவிட்டுப் பார்த்தல் என்னும் இம்முறை நம் கல்விச் சுற்றுலாக்களுக்கு நல்ல பாடமாகும். சிற்பத்தின் கதை தெரியாதவனுக்குத் தூண் வெறும் கல்லே. இப்பயணத்தை விவரிக்கும் நூல் 1904இல் வெளிவந்தது. எனினும் அந்நூல் பழங்காலக் கட்டடங்களில் காட்டிய அக்கறையைக் கண்முன் வாழ்ந்த மக்களிடம் காட்டவில்லை என்ற குறை உண்டு. கல்லைப் படித்தவர்கள் மனிதனைப் படிக்கத் தவறினர். இக்குறை பின்னர்ப் பனிமலைகளில் பெரிதாக வளர்ந்தது.

பனிமலைகளில் எட்டுப் பயணங்கள்

1898ஆம் ஆண்டுக் கோடையில் சமவெளியின் வெப்பத்திற்கு அஞ்சிக் காசுமீரம், லடாக் பகுதிகளுக்குச் சென்றனர். மிதிவண்டிகளை விட்டுவிட்டு, 14,000 முதல் 18,000 அடி வரை உயரமுள்ள கணவாய்களை நடந்தே கடந்தனர். வெயிலுக்கு ஒதுங்கச் சென்ற இடம் வாழ்நாளின் பணிக்களமாகிவிட்டது. அதன்பின் பதினான்கு ஆண்டுகளில் எட்டு முறை இமயத்திற்கும் காராகோரத்திற்கும் வந்தனர்.

1899இல் சுவிட்சர்லாந்து வழிகாட்டி மத்தியாசு சூர்பிரிக்கென் துணையுடன் பியாஃபோ பனியாற்றை ஆராய்ந்தனர். அப்போது ஏறிய முடிகளுள் ஒன்றுக்கு, இறந்த தம் மகனின் பெயரைச் சேர்த்துச் ‘சீக்ஃபிரீடுஹார்ன்’ என்று பெயரிட்டனர். நூலெங்கும் அளவுகளையும் உயரங்களையும் பேசும் அத்தம்பதியர், தம் துயரத்தை வெளிப்படுத்திய இடங்கள் மிகச் சில. அவற்றுள் இது ஒன்று.

1902, 1903ஆம் ஆண்டுகளில் சோகோ லுங்மா பனியாறு; 1906இல் நுன் குன் மலைத்தொகுதி; 1908இல் ஹிஸ்பார் பனியாறு; 1911, 1912ஆம் ஆண்டுகளில் சியாச்சின் பனியாறு என அவர்கள் பயணம் தொடர்ந்தது. நுன் குன் பயணத்தில் 21,000 அடிக்கு மேல் கூடாரம் அமைத்து இரவு தங்கினர். அங்கிருந்து ஃபேனி அம்மையார் ‘பின்னக்கிள்’ என்னும் முடியை எட்டினார். அதன் உயரம் 6,930 மீட்டர். அஃதாவது 22,700 அடிக்கு மேல். அப்போது அவருக்கு வயது 47. அவ்வளவு உயரம் ஏறிய பெண் அதுவரை எவருமில்லை. அச்சாதனை 1934ஆம் ஆண்டு வரை, இருபத்தெட்டு ஆண்டுகள், நிலைத்து நின்றது. உயிர்வளிக் குடுவையோ, இக்காலத்து இலேசான கம்பளி உடையோ அன்று இல்லை. பாவாடை அணிந்தே அவர் பனியில் ஏறினார் என்பது குறிப்பிடத்தக்கது.

உயரத்தை அளந்த முறை

அக்காலத்தில் மலையேறிகள் உயரத்தை எவ்வாறு கண்டறிந்தனர் என்பதை அறிவியல் மாணவர்கள் அறிந்துகொள்ளுதல் நன்று. உயரம் கூடக்கூடக் காற்றழுத்தம் குறைகிறது. காற்றழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கிறது. கடல்மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீர், ஒவ்வொரு 300 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு பாகை குறைந்து, பின்னக்கிள் முடியளவு உயரத்தில் 77 அல்லது 78 பாகையிலேயே கொதித்துவிடும். எனவே நீரைக் கொதிக்க வைத்து, நுண்ணிய வெப்பமானியால் அளந்தால் உயரத்தைக் கணிக்கலாம்.

இம்முறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. காற்றழுத்தம் உயரத்தால் மட்டுமின்றி அன்றைய வானிலையாலும் மாறும். எனவே பிழை நூற்றுக்கணக்கான அடிகள் வரை போகலாம். பின்னக்கிள் முடியை வொர்க்மன் தம்பதியர் ஏறத்தாழ 23,300 அடி என்று கணித்தனர். பிற்கால அளவையின்படி அது சற்றொப்ப 500 அடி மிகுதி.

இவ்வுயரக் கணக்கே ஒரு பெரும் வழக்கிற்கும் காரணமாயிற்று. 1908இல் ஆனி பெக் என்னும் மற்றோர் அமெரிக்கப் பெண்மணி பெரு நாட்டின் உவாஸ்கரான் மலையின் வடமுடியில் ஏறினார். தாம் ஏறியது 23,000 அடிக்கும் மேலிருக்கும் என்று அவர் கருதினார். தம் சாதனை போய்விடுமோ என்று கருதிய ஃபேனி, 13,000 டாலர் செலவிட்டுப் பிரெஞ்சு நில அளவையாளர்களைப் பெருவுக்கு அனுப்பி அம்முடியை அளக்கச் செய்தார். கோண அளவை முறையில் 21,812 அடி என்ற முடிவு வந்தது. ஃபேனியின் சாதனை நிலைத்தது. வெற்றி பெற்றவர் ஃபேனி என்றாலும், இத்தொகை தொழிலாளர் பலரின் வாழ்நாள் ஊதியத்திற்கு ஈடானது என்பதையும், எதிரியும் தம்மைப் போலவே தடைகளைத் தாண்டி வந்த ஒரு பெண்தான் என்பதையும் நினைக்க, அவ்வெற்றியில் ஒரு கசப்பும் கலந்திருப்பதைக் காணலாம்.

இருவர், ஒரு பணி

இனி இக்கட்டுரையின் இரண்டாம் வினாவிற்கு வருவோம். கணவன் தலைவன், மனைவி துணை என்பதே அக்கால உலகின் எண்ணம். வொர்க்மன் தம்பதியர் இதற்கு மாறான ஒரு முறையை வகுத்துக்கொண்டனர். ஓர் ஆண்டு மனைவி ஆட்களையும் உணவையும் வழியையும் ஏற்பாடு செய்வார். கணவர் அளவை, நிழற்படம் முதலிய அறிவியல் பணிகளைக் கவனிப்பார். அடுத்த பயணத்தில் இப்பொறுப்புகள் இடம் மாறும். நூல்கள் இருவர் பெயரிலும் வெளிவந்தன.

பொறுப்பு மாறிமாறி வருவதில் ஒரு நன்மை உண்டு. ஏற்பாடு செய்பவரின் தொல்லை என்ன என்பதை ஆய்வு செய்பவரும், ஆய்வு செய்பவரின் அவசரம் என்ன என்பதை ஏற்பாடு செய்பவரும் அறிந்திருப்பர். சமையற்கட்டில் ஒரு நாளும் நில்லாதவன் உப்பைக் குறை சொல்வது எளிது. வொர்க்மன் இல்லறத்தில் அந்நிலை இல்லை.

எனினும் வீட்டினுள் இருந்த சமத்துவத்தை வெளியுலகம் எளிதில் ஏற்கவில்லை. இலண்டன் அரச புவியியற் கழகம் 1892, 1893ஆம் ஆண்டுகளில் இருபத்திரண்டு பெண்களை உறுப்பினராகச் சேர்த்துவிட்டு, எதிர்ப்புக் கிளம்பியதும் கதவை மூடிக்கொண்டது. 1913இல்தான் மீண்டும் திறந்தது. அக்கதவு மூடியிருந்த காலத்தில், 1905இல் ஃபேனி அக்கழகத்தில் உரையாற்றினார். அவருக்குமுன் அங்கே உரையாற்றிய பெண் இசபெல்லா பேர்டு ஒருவரே. பாரிசு நகரின் சோர்போன் பல்கலைக்கழகத்தில் உரையாற்றிய முதல் அமெரிக்கப் பெண்ணும் ஃபேனி அம்மையாரே.

1912ஆம் ஆண்டு சியாச்சின் பயணத்திற்கு ஃபேனியே தலைமை தாங்கினார். அப்போது அவருக்கு வயது 53, கணவருக்கு 65. பயணத்தின் தொடக்கத்திலேயே செனோஸ் என்னும் இத்தாலியச் சுமைகாரர், மறைந்திருந்த பனிப்பிளவில் விழுந்து உயிரிழந்தார். ஃபேனி நூலிழையில் உயிர் தப்பினார். கலங்கிய குழுவினர் கூடிப் பேசிப் பணியைத் தொடர்வதென முடிவு செய்தனர். எழுபது கிலோமீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும் அப்பனியாறும் அதன் கிளைகளும் வரைபடத்தில் ஏறின. அதன் வடமுனையிலுள்ள ஒரு கணவாய்க்கு இலக்குமியின் பெயர்களுள் ஒன்றான ‘இந்திரா’ என்ற பெயரை ஃபேனி சூட்டினார். இப்பெயர் இந்திரா காந்தியைக் குறிப்பதாகப் பலர் எண்ணுவதுண்டு. இந்திரா காந்தி பிறந்ததோ ஐந்தாண்டு கழித்து, 1917இல். 1984ஆம் ஆண்டிலிருந்து சியாச்சின் இந்தியப் படையினர் காவல் காக்கும் களமாக இருந்து வருவதை நாம் அறிவோம்.

அப்பயணத்தில் ஏறத்தாழ 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்னும் முழக்கத்தைத் தலைப்பாகக் கொண்ட ஓர் இதழை விரித்துப் பிடித்தவாறு ஃபேனி நிற்கும் நிழற்படம் புகழ்பெற்றது. அமெரிக்கப் பெண்களுக்கு நாடு தழுவிய வாக்குரிமை 1920இல்தான் வந்தது. அதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்னரே பனிமேட்டில் அக்கோரிக்கை எழுந்துவிட்டது.

1917இல் வெளிவந்த சியாச்சின் நூலில், வரைபடத்தில் தம் முழுப்பெயரையும் பொறித்ததற்கு அம்மையார் விளக்கம் தருகிறார். தற்பெருமைக்காக அவ்வாறு செய்யவில்லை என்றும், ஒரு பெண் தொடங்கித் தலைமையேற்று நடத்திய பணி இது என்பது பிற்காலப் பெண்களுக்கு அச்சில் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கூறுகிறார். பெண்ணின் உழைப்பு இயல்பாகவே மதிக்கப்படும் நாள் வரும்போது இவ்வாறு எடுத்துச் சொல்லத் தேவையிராது என்பது அவர் கருத்து. பெயரைப் பதிவு செய்வது உழைப்பைப் பதிவு செய்வதே என்ற உண்மையை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

சுமந்தவர்களின் நிலை

மூன்றாம் வினாவே கடினமானது. பனியாறுகளில் மாதக்கணக்கில் தங்கவேண்டுமானால் கூடாரம், உணவு, விறகு, கருவி அனைத்தையும் மனிதர் முதுகில் ஏற்றியே கொண்டுசெல்லவேண்டும். இப்பணியைச் செய்தோர் பெரும்பாலும் மலையடிவார ஊர்களின் உழவர்கள். வயலை விட்டுவிட்டு, தாம் ஒருபோதும் போக விரும்பாத பனிவெளிக்குள் வந்தவர்கள்.

வொர்க்மன் நூல்களில் இவர்களுக்குப் பெரும்பாலும் ‘கூலி’ என்ற ஒரே பொதுப்பெயர்தான். சோம்பேறிகள், ஏமாற்றுக்காரர்கள், பாதியில் விட்டு ஓடுபவர்கள் என்ற குறைகூறலே பக்கந்தோறும் வருகிறது. 1898இல் சிக்கிமிலிருந்து கஞ்சன்சங்கா நோக்கிப் புறப்பட்டபோது, பனியைக் கண்டதும் சுமைகாரர்கள் அக்குளிரில் வேலை செய்ய மறுத்துவிட்டனர். குழு தார்ச்சிலிங்குக்கே திரும்பியது. தம்பதியர் இதைக் கீழ்ப்படியாமை என்று எழுதினர். மனைவி மக்களைப் பிரிந்து, தமக்கு எவ்விதப் பயனும் தராத ஒரு முடியை நோக்கி உயிரைப் பணயம் வைக்க மறுத்த ஓர் உழவனின் கண்ணோடு பார்த்தால், அது அறிவுடைமை என்றே தோன்றும். மலைப்பகுதியின் வழக்கங்களையும் மக்கள் மனநிலையையும் அறிந்து அவர்களோடு பழகிய பிற பயணிகளுக்கு இவ்வளவு தொல்லை நேரவில்லை என்று மலையேற்ற வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர்.

இதில் ஒரு வேறுபாட்டையும் காணவேண்டும். சியாச்சின் வரைபடப் பணியில் ஈடுபட்ட இந்திய நில அளவைத் துறையின் சர்ஜன் சிங் பெயர் பதிவாகியுள்ளது. பனிப்பிளவில் இறந்த இத்தாலியரின் பெயரும் பதிவாகியுள்ளது. கருவி ஏந்தியவர்க்கும் ஐரோப்பியர்க்கும் பெயர் உண்டு. மூட்டை ஏந்திய மலைவாழ் மக்களோ தொகையாக மட்டும் எண்ணப்பட்டனர். பெண் என்பதால் தம் பெயர் மறைந்துவிடக்கூடாது என்று போராடிய அம்மையாருக்கு, ஏழை என்பதால் மறைந்துபோன பெயர்கள் கண்ணில் படவில்லை. கணவனுக்கும் மனைவிக்கும் இடையே நிலவிய நீதி கூடாரத்தின் வாயிலோடு நின்றுவிட்டது.

இந்நிலை மாறப் பல்லாண்டு ஆயிற்று. 1935இல் எவரெஸ்ட் பயணக்குழு ஒன்றில் சுமைகாரராகச் சேர்ந்த டென்சிங் நார்கே, 1953ஆம் ஆண்டு மே 29ஆம் நாள் எட்மண்ட் ஹில்லாரியுடன் எவரெஸ்ட் முடியில் நின்றார். சுமந்தவனின் பெயரை உலகம் அன்றுதான் உரக்கச் சொன்னது.

மதிப்பீடு

வொர்க்மன் தம்பதியரின் வரைபடங்களில் பிழைகள் இருந்தன; பின்வந்த அளவையாளர்கள் திருத்த நேர்ந்தது. எனினும் அவர்கள் எடுத்த நிழற்படங்களும் பனியாறு பற்றிய குறிப்புகளும் பயனுடையனவாகவே இருந்தன. முதல் உலகப்போர் அவர்களது பயணங்களுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. நெடுநாள் நோயுற்றிருந்த ஃபேனி 1925இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் காலமானார். பெண்கள் பயிலும் நான்கு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு 1,25,000 டாலரை உயில் வழியே விட்டுச்சென்றார். வில்லியம் 1937 வரை வாழ்ந்தார். வூஸ்டர் நகரில் இருவருக்கும் பொதுவான நினைவுக்கல் உள்ளது. இமய ஆராய்ச்சியின் முன்னோடிகள் என அது இருவரையும் ஒருசேரக் குறிக்கிறது.

செல்வர்களுக்கு இது இயலும். மற்றவர்க்கு எவ்வாறு இயலும் என்று சிலர் கேட்கலாம். இதற்கு விடை நம் அண்டை மாநிலத்திலேயே கிடைக்கிறது. கொச்சி நகரில் சிறு தேநீர்க்கடை நடத்திய விசயன், மோகனா தம்பதியர் நாள்தோறும் வருவாயில் ஒரு பகுதியை எடுத்து வைத்தனர். போதாத தொகைக்குக் கடன் வாங்கிப் பயணம் செய்தனர். திரும்பி வந்து கடையில் உழைத்துக் கடனை அடைத்தனர். அடைத்ததும் அடுத்த பயணம். 2007இல் தொடங்கி இவ்வாறே இருபத்தைந்து நாடுகளுக்கு மேல் கண்டனர். 2021 நவம்பரில் விசயன் மறைந்தார். அவர்கள் முடி எதிலும் ஏறவில்லை. வரைபடம் எதுவும் வரையவில்லை. ஆயினும், இருவர் கூடி ஈட்டிய பணத்தில் இருவரும் கூடி உலகைக் கண்டனர். அவர்கள் மூட்டையை அவர்களே சுமந்தனர்.

முடிவுரை

வொர்க்மன் தம்பதியர் வரலாற்றிலிருந்து மாணவர்களாகிய நாம் கொள்ளத்தக்கனவும் உண்டு, தள்ளத்தக்கனவும் உண்டு. போகுமுன் படித்தல், போன இடத்தில் அளந்து பார்த்தல், வந்தபின் எழுதிவைத்தல், பொறுப்பை மாறிமாறி ஏற்றல், உடன் உழைத்தவரின் பெயரை மறைக்காதிருத்தல் ஆகியவை கொள்ளத்தக்கன. உடன் வந்த எளியவர்களை மனிதராகக் காணாமை தள்ளத்தக்கது.

நம் இல்லங்களிலும் ஓய்வு பெறப்போகும் தந்தையர் உள்ளனர். அவர்கள் ஓய்வு பெறும் நாளில் மாலையிட்டு வாழ்த்துகிறோம். நாற்பது ஆண்டுக் காலம் அடுப்படியில் நின்ற தாய்க்கு ஓய்வு பெறும் நாள் என்று ஒன்று குறிக்கப்படுவதே இல்லை. இருவரும் சேர்ந்து ஒருமுறை புறப்பட்டால், அது பத்துக் கல் தொலைவிலுள்ள ஊராக இருப்பினும், அந்நாளே தாய்க்கும் ஓய்வு நாளாகும். அப்போது பெட்டியைத் தூக்கிவரும் தொழிலாளியின் பெயரையும் அவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்வார்களாயின், வொர்க்மன் தம்பதியர் எட்டாத ஓர் உயரத்தை அவர்கள் எட்டியவராவர்.